பாதி விலைப் பெட்டியும் ஏழு பெஞ்சுகளும்

போன ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து கோயில் வாசலில் என் குடையைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பத்தியை வாராவாரம் தவறாமல் படிக்கிறவராம். அப்படிச் சொல்கிறவர்களிடம் நான் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே இருப்பது வழக்கம். முதலில் பாராட்டுவார்கள், அப்புறம், போன மாதம் எழுதியதில் நான் விட்ட தப்பை எடுத்துக் காட்டுவார்கள்.

இவர் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"சார், பஜார்ல பாதி வெலைக்கு டூல் பெட்டி போட்டிருக்காங்க. ரம்பம், உளி, சுத்தி எல்லாம் ஒரே பெட்டில. வீட்டு வேலைக்கு அது போதுமா? நீங்க ஒண்ணு வாங்கியிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன்."

கேள்விப்பட்டாராம்! ஆஸ்டின் டவுனில் ஒருவன் ஒரு சுத்தியல் வாங்கினால், மறுநாள் அது பக்கத்துப் பேட்டை அடுகோடி வரைக்கும் தெரிந்துவிடுகிறது. போதும் என்றோ போதாது என்றோ அவருக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் குடை கிடைத்துவிட்டது, தூறலும் ஆரம்பித்துவிட்டது. "எழுதுறேன், படிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டாமா?

பெட்டி எதற்கு வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

என் மனைவி ஞானம் எங்கள் வீட்டு முன் ஹாலில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் நடத்துகிறாள். ஆறு வருஷமாக. ஆரம்பத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் ஐந்து பேர். இப்போது இருபத்தாறு பேர். மில்லில் வேலை செய்கிறவர்கள், ரெஜிமென்ட் சமையல்காரர்கள், தையல்காரர்கள் — இவர்களுடைய பிள்ளைகள். தமிழ், கணக்கு, கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் கன்னடம். எல்லாரும் பாயில் உட்கார்ந்து படிப்பார்கள். ஞானமும் அவர்களோடு பாயில்தான்.

குறை ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடத்துக்குக் கல்வி இலாகாவின் அங்கீகாரம் கிடையாது. இரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், "இந்த சர்ட்டிபிகேட் செல்லாது" என்று மறுபடியும் முதல் வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்கள். போன வருஷம் மேரி என்ற பெண்ணுக்கு அப்படித்தான் ஆயிற்று. பதினாறாம் வாய்ப்பாடு வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பெண். அவளுக்கு சிலேட்டைக் கொடுத்து 'அ' எழுதச் சொன்னார்கள்.

மேரியின் அப்பா வந்து சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. "பரவால்ல டீச்சரம்மா, விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு ஞானம் சாப்பிடவில்லை. இந்த வருஷம் மேரியின் தம்பி சூசை இரண்டாம் வகுப்பு. அவனைப் பார்க்கும்போதெல்லாம் ஞானத்தின் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும்.

விடாமல் எழுதிப் போட்டதில், இலாகாவிலிருந்து ஒருவழியாகப் பதில் வந்தது. இன்ஸ்பெக்ட்ரஸ் நேரில் வந்து பார்ப்பார். ஆனால் பிள்ளைகள் தரையில் உட்காரக் கூடாது. பெஞ்ச் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த வருஷமும் அங்கீகாரம் கிடையாது. ஐந்து வாரம் தவணை.

இருபத்தாறு பிள்ளைகள். பெஞ்சுக்கு நாலு பேர். ஆக ஏழு பெஞ்ச்.

அடுகோடியில் எனக்குத் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் ஓடினேன். அவர் பட்டறையில் கால் வைக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் பட்டாளத்துக்குச் செய்கிற பெட்டிகள்.

"கான்ட்ராக்ட் வேலையே முடியல சாமி. பெஞ்சுன்னா ஜாஸ்தி நாள் ஆவும். தீபாவளி கழிச்சு வாங்க, பாக்கலாம்" என்றார்.

யுத்தம் வந்ததிலிருந்து ஊரில் உளி பிடிக்கத் தெரிந்த எல்லாருக்கும் இந்த வேலைதான். இன்னும் இரண்டு இடத்தில் கேட்டேன். அதே பதில், அதே தீபாவளி.

வீட்டுக்கு வந்து, "நானே செஞ்சுடறேன்" என்றேன்.

ஞானம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களா?"

ஏன், நான் செய்யக் கூடாதா? என்னிடம் மரவேலை பற்றிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று இருக்கிறது. பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அதன் முதல் படத்தில் ஒரு துரை ஏப்ரன் கட்டிக்கொண்டு, இடுப்பு உயர மேஜைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று பலகை அறுக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எங்கள் பின் வராந்தாவில் அதே உயரத்துக்கு ஒரு மேஜை போட்டு வைத்திருந்தேன். இரண்டு வருஷமாக அதில் ஊறுகாய் ஜாடிகள் உட்கார்ந்திருந்தன. மேஜை இருக்கிறது, புத்தகம் இருக்கிறது. இல்லாதது கருவிகள் மட்டும்தான்.

பஜாரில் அந்தக் கடை வாசலிலேயே அட்டை தொங்கியது — 'பாதி விலை'. யுத்தத்துக்கு முன்னால் வந்த ஜப்பான் சரக்காம், கழித்துவிடுகிறார்களாம். கடைக்காரர் பாய் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ரம்பம், மூன்று உளி, சுத்தியல், இழைப்புளி, குறடு, திருப்புளி, மட்டம் பார்க்கிற ரசமட்டம்... எல்லாம் பளபளவென்று மின்னின.

"சீமை சாமான் இப்போ கப்பல்லே வர்றதே இல்லே சாப். வந்தாலும் இந்த ஒரு உளி வெலைக்கு நான் உங்களுக்கு முழு பெட்டி தர்றேன்."

"ஒழைக்குமா பாய்?"

"நீங்க என்னா வேலை செய்றீங்க?"

"ஆபீஸ்ல கிளார்க்."

"அப்போ ஒழைக்கும்" என்றார் பாய்.

அந்தப் பதிலில் இருந்த கூர்மை எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

எங்கள் அடுத்த வீட்டுக்காரர் லாசர். ரயில்வே ஒர்க் ஷாப்பில் ரயில் பெட்டிகளுக்கு மரவேலை செய்கிறவர். இருபது வருஷ சர்வீஸ். அவரிடம் இருக்கிற கருவிகள் எல்லாம் சீமைச் சரக்கு. ஒவ்வொன்றையும் எண்ணெய் தடவி, பிளானல் துணியில் சுற்றி வைத்திருப்பார். ஒவ்வொன்றிலும் 'எல்' என்று ஓர் எழுத்து அடித்திருக்கும். அவர் கருவியை இரவல் கேட்கக் கூடாது. அது ஒர்க் ஷாப் வழக்கமாம். ஒருவர் கருவியை இன்னொருவர் தொடுவதில்லை.

பெட்டியை வேலிக்கு மேலே தூக்கிக் காட்டினேன். லாசர் ரம்பத்தை மட்டும் இரண்டு விரலால் எடுத்தார். வழக்கமான ரம்பம்போல இல்லை அது. தகடு மெல்லிசு. கைப்பிடி ஒரு முழ நீளத்துக்கு நேராக, துடைப்பக்கட்டை மாதிரி இருந்தது. தகட்டை வளைத்துப் பார்த்தார். வளைந்தது. திரும்பப் பெட்டியில் போட்டுவிட்டார்.

"இன்னா சார் இது? ரம்பமா, தகர டப்பா மூடியா? கொழந்தைங்க வெளையாட வெச்சுக்கோங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இவர் உதவி இல்லாமலே ஏழு பெஞ்சும் செய்து காட்டுவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

ஆனேக்கல்லிலிருந்து வந்த வண்டியில் பலகை கிடைத்தது. உட்காருகிற பலகைக்கு மாமரம். காலுக்கு வேங்கை. பொல்லாத கெட்டி மரம். ஊறுகாய் ஜாடிகளை இறக்கி வைத்தேன். ஏப்ரன் கட்டிக்கொண்டேன். படத்தில் இருப்பதுபோல நிமிர்ந்து நின்றேன்.

முதல் நாளே சுத்தியலின் தலை கழன்றுகொண்டது. சும்மா கழலவில்லை, பறந்தது. வேலியைத் தாண்டிப் போய் லாசர் வீட்டுக் கோழிக்கூண்டின் மேல் விழுந்தது. அவர் அதை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

"உங்க சுத்தி எங்க வூட்டுக்கு விசிட் வந்துச்சு சார்."

ரசமட்டம் இன்னும் விசேஷம். எந்தப் பக்கம் சாய்த்தாலும் குமிழி நடுவிலேயே நின்றது. சுவரில் வைத்தாலும் சமம், கூரையில் வைத்தாலும் சமம். அந்தக் கருவியின் கண்ணுக்கு உலகத்தில் கோணல் என்பதே கிடையாது. திருப்புளியோ மூன்றாவது திருகாணியிலேயே முறுக்கிக்கொண்டது.

இதெல்லாம்கூடப் போகட்டும். பெஞ்ச் செய்ய முதலில் பலகையை அறுக்க வேண்டுமே? அந்த ரம்பம்தான் என்னை அழவைத்தது. பலகையில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினால், தகடு அப்படியே வில்லாக வளைந்து நின்றுவிடும். மெதுவாகத் தள்ளினேன் — வளைந்தது. பலத்தோடு தள்ளினேன் — இன்னும் வளைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தள்ளி, விரல் ஆழத்துக்கு ஒரு பள்ளம் உண்டாக்கினேன். அதுவும் கோணல். வேலிக்கு அந்தப் பக்கம் லாசர் எதுவும் பேசவில்லை. ஆனால் இருமினார்.

இரண்டு வாரம் இப்படியே போயிற்று. ஒரு பெஞ்சுக்குக்கூடப் பலகை அறுபடவில்லை. அன்று சாயங்காலம் நான் ரம்பத்தை வீசி எறிந்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"விட்டுடுங்க" என்றாள் ஞானம். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"சூசை?"

அவள் குனிந்தாள். கீழே கிடந்த ரம்பத்தை எடுத்தாள். எடுத்து வைப்பதற்காகத்தான் எடுத்தாள் என்று நினைக்கிறேன். விரலைப் பல்லின் மேல் மெல்ல ஓட்டினாள். இந்தப் பக்கம் ஓட்டினாள், அந்தப் பக்கம் ஓட்டினாள். மறுபடியும் ஓட்டினாள்.

"என்னங்க... இதோட பல்லெல்லாம் கைப்பிடிப் பக்கமா இல்ல சாஞ்சிருக்கு?"

"அதுக்கென்ன?"

"தள்ளும்போது விரல் வழுக்குது. இழுக்கும்போதுதான் பிடிக்குது. நீங்க தள்ளிக்கிட்டே இருக்கீங்களே!"

சொல்லிவிட்டு அவள் செய்ததை நான் மறக்க மாட்டேன். சமையலறை மணையைக் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் பலகையைச் சாய்த்தாள். அருவாமணைக்கு முன்னால் உட்காருவதுபோலத் தரையில் உட்கார்ந்தாள். பலகையை ஒரு காலால் அழுத்திக்கொண்டு, அந்த நீளக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, தன் பக்கமாக இழுத்தாள்.

சர்ர்...

மரத்தூள் அவள் மடியில் விழுந்தது. இன்னொரு இழுப்பு. இன்னொன்று. நான் ஒரு நாள் முழுக்கப் போட்ட பள்ளத்தை அவள் ஐந்தாறு இழுப்பில் தாண்டிவிட்டாள். தகடு வளையவே இல்லை. இழுக்கும்போது கம்பி மாதிரி விறைப்பாக நின்றது. கோடு நூல் பிடித்ததுபோல நேராக வந்தது.

நான் திருதிருவென்று விழித்தேன். அடுகோடி ஆசாரி பட்டறையில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். அவர்கள் எல்லாரும் தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் பிடித்துக்கொண்டு, தங்கள் பக்கமாகத்தானே இழுக்கிறார்கள்? பார்த்திருக்கிறேன். ஆனால் கவனித்ததில்லை. புத்தகத்தில் துரை நின்றார். ஆகவே நானும் நின்றேன். துரை தள்ளினார், ஆகவே நானும் தள்ளினேன். தரையில் உட்கார்ந்து வேலை செய்தால் கிளார்க்கின் கௌரவம் என்ன ஆவது? கன்டோன்மென்டில் இருக்கிற நம்மைப் போன்றவர்கள் செய்கிற தப்பு இது. கருவி எந்த ஊர்க்காரன் கைக்காகச் செய்தது என்று கேட்க மாட்டோம். நமக்குத் தெரிந்த ஒரே விதத்தில் அதைப் பிடித்துவிட்டு, சாமான் மட்டம் என்று திட்டுவோம்.

இருபது வருஷ சர்வீஸ்காரர் லாசருக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்கிறீர்களா? அவரும் நின்று தள்ளிப் பழகினவர்தான். அதுவும் போக, அவர் ரம்பத்தைப் பார்க்கவே இல்லை. அது வந்த விலையைத்தான் பார்த்தார்.

ரம்பம் தேறிவிட்டது. அத்தோடு தொல்லை தீர்ந்ததா? எங்கே...

பெஞ்சுக்குக் கால் பொருத்த வேண்டுமானால் பலகையில் உளியால் சதுரத் துளை போட வேண்டும். மாமரப் பலகையில் ஒருமாதிரி போட்டுவிட்டேன். இரண்டு காலையும் சேர்க்கிற குறுக்குச் சட்டத்துக்காக வேங்கைக் கட்டையில் உளியை வைத்து ஓர் அடி அடித்தேன். முனை மடங்கிவிட்டது. வெண்ணெயில் செய்ததுபோல மடங்கிவிட்டது. தீட்டிவிட்டு மறுபடியும் அடித்தேன்; மறுபடியும் மடங்கிற்று. மூன்று உளிக்கும் ஒரே கதி. இந்தத் தடவை எப்படிப் பிடித்தாலும், உட்கார்ந்தாலும் நின்றாலும், படுத்தாலும்கூடப் பிரயோஜனம் இல்லை. இரும்பில் சத்து இல்லை, அவ்வளவுதான்.

பதினேழு நாள்தான் பாக்கி. ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு லாசர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"அண்ணே, ஒரே ஒரு உளி... ரெண்டு நாளைக்கு..."

லாசர் தலையை ஆட்டினார். "உளி வராது சார்."

எனக்கு முகம் செத்துவிட்டது. திரும்பினேன்.

"உளி தனியா வராதுன்னு சொன்னேன். நானும் கூட வர்றேன். பூசை முடிஞ்சதும் ஞாயித்துக்கெழம காலைல. டீச்சரம்மா கைல ஒரு காப்பி போடச் சொல்லுங்க."

வந்தார். பிளானல் துணியை விரித்தார். அந்த உளி வேங்கைக்குள் இறங்கியதைப் பார்க்க வேண்டுமே! நான் அடித்த அடியில் பாதிகூட அவர் அடிக்கவில்லை. அவர் நின்றுகொண்டு துளை போட்டார். ஞானம் கீழே உட்கார்ந்து ரம்பத்தை இழுத்து, கால்களை அளவுக்கு அறுத்துக் கொடுத்தாள். அவள் அறுத்த கட்டையை அவர் கையில் எடுத்து, வெட்டு முகத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் ரம்பத்தை எடுத்து, அதன் பல்லைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"அடச்சே... இழுக்குற ரம்பமா இது?" என்றார். "அன்னிக்கு வாயத் தொறந்தது தப்பு சார்."

"நீங்களும் இழுத்துப் பாக்கறீங்களா?"

"வேணாம். கீழ உக்காந்தா எனக்கு எந்திரிக்க ரெண்டு ஆள் வேணும். டீச்சரம்மாவே அறுக்கட்டும். ஒர்க் ஷாப்ல இப்டி கட் எடுக்குற ஆளு எனக்குக் கெடைக்கல."

இப்படியாக என் ஒர்க் ஷாப்பில் எனக்குக் கிடைத்த உத்தியோகம், பலகையின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டிருப்பது. கடைசி இரண்டு பெஞ்சை மட்டும் நான் பிடிவாதமாகத் தனியாகச் செய்தேன். லாசர் தீட்டிக் கொடுத்த அதே பெட்டி உளியை வைத்துக்கொண்டு, நாலு அடிக்கு ஒரு தடவை மறுபடியும் தீட்டிக்கொண்டு. துளை கொஞ்சம் பெரிதாகிவிட்டது. மரத்தூளையும் வஜ்ரப் பசையையும் குழைத்து அடைத்து மூடினேன். பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

கோயில் வாசலில் கேட்ட நண்பருக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். பெட்டியில் குறடு நன்றாக உழைக்கிறது. இழைப்புளியை ஒரு மணி நேரம் தீட்டினேன், அதுவும் உழைக்கிறது. ரம்பம் தங்கம். உளி, சுத்தியல், திருப்புளி மூன்றும் குப்பை. ரசமட்டத்தை மேஜை மேல் வைத்திருக்கிறேன், காகிதம் பறக்காமல் இருக்க. அடி வாங்க வேண்டிய சாமானையும் முனை நிற்க வேண்டிய சாமானையும் மலிவில் வாங்காதீர்கள். பிடிக்கிற சாமான், இழுக்கிற சாமான் என்றால் தைரியமாக வாங்கலாம். வாங்கின பிறகு, வேலைக்கு ஆகாது என்று தீர்ப்புச் சொல்லும் முன்னால், பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மட்டும் ஒரு தடவை விரலை வைத்துப் பாருங்கள். உளி ஒன்றாவது நல்லதாக வேண்டுமே என்றால், நல்ல உளி வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரரைச் சம்பாதித்துக்கொள்ளுங்கள்.

பதில் முடிந்தது. கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு எட்டு நாள் முன்னாலேயே ஏழு பெஞ்சும் ஹாலுக்குள் போய்விட்டன. பாயைச் சுருட்டிப் பரண்மேல் போட்டோம். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். நான் செய்த இரண்டு பெஞ்சையும் கடைசி வரிசையில் போட்டு, இருப்பதிலேயே எடை குறைந்த பிள்ளைகளாகப் பார்த்து அதில் உட்கார வைத்தாள் ஞானம். என்னிடம் காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வியாழக்கிழமை இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்தார். ஆபீஸில் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, நான் உள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நல்ல ஆகிருதியான அம்மாள். வீட்டில் கன்னடம் பேசுகிறவர் போலிருக்கிறது. ஆனால் தமிழ் நன்றாகப் பேசினார். எங்கள் வீட்டில் இருந்த ஒரே நிமிர்ந்த நாற்காலியை, நான் இந்தப் பத்தியை எழுத உட்காருகிற நாற்காலியை, அவருக்காகப் போட்டிருந்தோம். அதில் உட்கார்ந்து ரெஜிஸ்டரைப் பார்த்தார். வாய்ப்பாடு கேட்டார். சூசை எழுந்து நின்று தமிழ்ப் பாடம் வாசித்தான். தடுமாறவே இல்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அந்த அம்மாள் எழுந்தார். பிள்ளைகள் எழுதுவதைப் பார்க்க வேண்டுமாம். நேரே கடைசி வரிசைக்கு நடந்தார். அங்கே இருந்த இரண்டு குழந்தைகளை ஒதுங்கச் சொல்லிவிட்டு — என் பெஞ்சில் உட்கார்ந்தார்.

பெஞ்ச் ஒரு சத்தம் போட்டது.

ஆறு வருஷ உழைப்பும், சூசையின் மூன்றாம் வகுப்பும், நான் குழைத்து அடைத்த அந்த மரத்தூளின் மேல் உட்கார்ந்திருந்தன. ஞானம் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். சத்தம் அவளுக்கும் கேட்டது. தோள் ஒரு தடவை குலுங்கியது. ஆனால் எழுத்து நிற்கவில்லை.

அம்மாள் பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். அசைந்தது. கீழே குனிந்து பார்த்தார். ஒரு சிலேட்டுக் குச்சிப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, நாலாக மடித்து, ஒரு காலுக்கு அடியில் செருகினார். பல பள்ளிக்கூடங்களில் செய்து பழகின கை என்று தெரிந்தது.

"பரவாயில்லே. அஞ்சு சென்னாகி, நல்லா பண்ணிருக்காங்க. இந்த ரெண்டு யார் பண்ணினது?"

"எங்க வீட்டுக்காரர்" என்றாள் ஞானம்.

"ஓ" என்றார் அம்மாள். கதவுக்குப் பின்னால் எனக்குக் காது சுட்டது.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ரிப்போர்ட் எழுத ஆரம்பித்தார். பாதியில் பேனாவை நிறுத்திவிட்டு ஹாலைச் சுற்றிப் பார்த்தார். பெஞ்ச், பெஞ்ச், பெஞ்ச்... சுவர் வரைக்கும் பெஞ்ச்.

"டீச்சர், நான் போனப்புறம் இந்தச் சேர் எங்கே போகும்?"

"உள்ளே... அவர் எழுதற மேஜைக்கு."

"அப்போ நீங்க எங்கே உக்காருவீங்க?"

ஞானம் சிரித்தாள். "முன்னே பாயில உக்காருவேன். இப்போ பாய் இல்லையே."

"எத்தனை நாளா நிக்கிறீங்க?"

"எட்டு நாளா. பழக்கமாயிடும்மா."

கதவுக்குப் பின்னால் நின்றவனுக்கு இன்னது செய்வதென்று தெரியவில்லை. வராந்தாவுக்கு ஓடினேன். அங்கே இருந்த என் சாய்வு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ஹாலில் வைத்தேன். அம்மாள் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அது படுக்கற சேர். அதுலே உக்காந்து பாடம் நடத்தினா பிள்ளைங்க தூங்கிடும்" என்றார்.

அங்கீகாரம் கிடைத்துவிட்டது. சூசை ஜூன் மாதம் நேரே மூன்றாம் வகுப்பில் போய் உட்காரலாம். அவன் அப்பா வந்து ஞானத்தைக் கும்பிட்டுவிட்டுப் போனார். லாசர் தன் பங்குக்கு ஒரு கோழி கொடுத்தனுப்பினார். சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசியில், அழகான கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: 'ஆசிரியைக்கு நாற்காலி இல்லை.'

ஏழு பெஞ்ச்! ஒவ்வொன்றுக்கும் உயரம் பார்த்தேன், அகலம் பார்த்தேன், எத்தனை பேர் உட்காரலாம் என்று எண்ணிப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்து அத்தனை பலகையையும் அறுத்துக் கொடுத்தவளுக்கு உட்கார இடம் உண்டா என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அன்று மத்தியானமே என் நாற்காலியை ஹாலில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். புது நாற்காலி ஒன்று செய்ய வேண்டும். லாசருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஒழியும். அதுவரை எனக்கு எழுத இருப்பது பின் வராந்தா மேஜைதான். அதற்கு முன்னால் நின்றுகொண்டேதான் இந்த வாரப் பத்தியை எழுதியிருக்கிறேன்.

இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் கால் இப்படிக் கடுக்கிறது... அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.